மஞ்சப்பையைத் துவைக்க வேண்டுமா, வெயிலில் போட்டால் போதுமா?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதியிருக்கும் சகோதரியின் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அவர் வாரத்திற்கு இரண்டு முறை நேதாஜி மார்க்கெட்டுக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்கோ மீன் மார்க்கெட்டுக்கோ போகிறார். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான நான்கு துணிப்பைகள்தாம். எது கையில் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு போவது வழக்கம். பையைத் துவைக்கவே வேண்டியதில்லை, உதறி மொட்டை மாடி வெயிலில் போட்டால் போதும் என்பது அவருடைய மாமியாரின் கருத்து. ஒவ்வொரு முறையும் டெட்டால் கலந்த தண்ணீரில் ஊறவைக்க வேண்டும் என்பது இவர் கட்சி. எத்தனை நாளைக்கு ஒருமுறை துவைப்பது, இருவரில் யார் சொல்வது சரி, போன வாரம் மீன் தண்ணீர் ஒழுகிய பையை எறிந்துவிடலாமா என்று கேட்டு முடித்திருக்கிறார்.

நாள் கணக்கைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இரண்டாவது முறை படித்தபோது, பையின் வழியாக வீட்டுக்குள் நோய் வருமா, வருமென்றால் அதைத் தடுக்க எவ்வளவு வேலை செய்தால் போதும் என்பதே உங்கள் கேள்வி என்று எனக்குத் தோன்றியது. இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீடு என்றும், போன மாதம் அதற்கு வயிற்றுப்போக்கு வந்தது என்றும் எழுதியிருப்பதால் அந்தக் கவலை நியாயமானதே. நான் அரசுப் பள்ளிகளில் 27 ஆண்டுகள் மனையியல் கற்பித்தவள். பணி ஓய்வுக்குப் பிறகு குடியாத்தம் பக்கத்தில் துணிப்பை தைக்கும் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றுக்குத் துணி பார்த்து வாங்குவதிலும், தையலிலும், சலவையிலும் உதவி வருகிறேன். துணியையும் சலவையையும் சமையலறைச் சுத்தத்தையும் பற்றி உறுதியோடு பேச முடியும். மருத்துவர் அல்ல என்பதால் நோயைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

வெங்காயம், உருளைக்கிழங்கு, தேங்காய், பொட்டலம் கட்டிய மளிகைச் சாமான் ஆகியவற்றைச் சுமக்கும் பைக்கு உங்கள் மாமியார் சொல்வது பெரும்பாலும் சரி. கறி, மீன், முட்டை, பால் பாக்கெட் ஏறும் பைக்கு நீங்கள் சொல்வது சரி. டெட்டாலை மட்டும் விட்டுவிடலாம். கீரை, கொத்தமல்லி, தக்காளி, வெள்ளரிக்காய் போடும் பை இவை இரண்டுக்கும் நடுவில் வருகிறது. ஆகவே நாட்காட்டியைப் பார்த்துத் துவைக்க வேண்டாம், பைக்குள் என்ன போனது என்பதைப் பார்த்துத் துவையுங்கள். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, கறிக்கும் காய்க்கும் பையைப் பிரிப்பது. உங்கள் வீட்டில் இப்போது நடப்பதில் எனக்கு உண்மையான குறையாகப் படுவது, துவைக்காமல் இருப்பதைவிட, நான்கு பைகளும் எல்லாவற்றுக்கும் போய் வருவதுதான்.

இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் அரிசோனா, லோமா லிண்டா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் செய்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று இந்த விஷயத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. கடைக்கு வந்தவர்களின் கைகளிலிருந்தே 84 பைகளை வாங்கிச் சோதித்தார்கள். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் பாக்டீரியா இருந்தது. பாதிப் பைகளில் கோலிஃபார்ம் என்ற பாக்டீரியா வகையும், 8 சதவீதப் பைகளில் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவும் இருந்தன. பையை ஒருபோதும் துவைத்ததில்லை என்று கிட்டத்தட்ட எல்லாருமே சொன்னார்கள். இறைச்சிச் சாறு பட்ட பையைக் காரின் பின்பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்தபோது பாக்டீரியா பத்து மடங்கு பெருகியது. அதே பைகளைக் கையாலோ இயந்திரத்திலோ துவைத்தபோது 99.9 சதவீதத்திற்கு மேல் குறைந்துவிட்டது. இந்தக் கடைசி முடிவுதான் நமக்கு வேண்டியது. சாதாரணச் சோப்புத்தூள் சலவையே அந்த வேலையைச் செய்து முடித்துவிடுகிறது.

ஆனால் இந்த ஆய்வை எதற்குச் சாட்சியாக அழைக்கலாம், எதற்கு அழைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பையில் பாக்டீரியா இருந்தது என்று அது காட்டுகிறது. அந்தப் பைகளால் யாருக்கும் நோய் வந்ததாக அது காட்டவில்லை. கோலிஃபார்ம் வகைகளில் பல மண்ணிலும் காயின் தோலிலும் இயல்பாகவே இருப்பவை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அந்நாட்டு வேதித் தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பு. பிளாஸ்டிக் தயாரிப்பாளர்களும் அதில் இருக்கிறார்கள். அதனால் எண்கள் பொய்யாகிவிடா என்றாலும், துணிப்பையே ஆபத்து என்று அதை வைத்து யாராவது பேசினால் நாம் தயங்க வேண்டும். நோய் உறுதியாகப் பரவிய நிகழ்ச்சியாக மருத்துவ இதழில் பதிவானது 2010-இல் நடந்தது. ஆரிகன் மாநிலத்துச் சிறுமியர் கால்பந்துக் குழுவில் ஒரு பெண்ணுக்கு நோரோ வைரஸால் வாந்தி வந்தது. அவள் இருந்த விடுதிக் குளியலறையில் தின்பண்டங்களோடு ஒரு பை இருந்தது. பின்னர் அந்தப் பையிலிருந்ததை எடுத்துத் தின்ற மற்றச் சிறுமிகளுக்கும் நோய் வந்தது. அங்கேயும் பையில் இருந்த பண்டம் காரணமில்லை, பை வைக்கப்பட்டிருந்த இடம்தான் காரணம். எனவே உங்கள் குழந்தைக்குப் போன மாதம் வந்த வயிற்றுப்போக்குக்குப் பைதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. குடிநீரும், கழுவாத கையும், சமைத்து வெளியே வைத்த சோறும் அதைவிட அடிக்கடி காரணமாகின்றன. மறுபடியும் வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்படிச் சொன்னதால் கறிப் பையை அலட்சியமாக விட்டுவிடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கோழிக்கறியில் சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர் ஆகிய வயிற்றுநோய்க் கிருமிகள் இருப்பது சாதாரணமானது. கறியைக் கொதிக்கவைத்துச் சமைப்பதால் கறியில் இருப்பது செத்துவிடுகிறது. அதே பையில் வந்த வெள்ளரிக்காயையும் கொத்தமல்லியையும் நாம் சமைப்பதில்லை. பிரச்சினை முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் இந்தக் கிருமிகள் வளரும். சாதகமான சூழலில் ஈ. கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அமெரிக்க வேளாண் துறை சமைக்காத இறைச்சியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்றும், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்றும் சொல்கிறது. வேலூரில் பங்குனி பிறந்துவிட்டால் காலை பத்து மணிக்கே அந்த 32 டிகிரியைத் தாண்டிவிடுகிறோம். கறியை வாங்கி ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டு, லாங் பஜாரில் மளிகையும் முடித்துக்கொண்டு வருவோம் என்று கிளம்புகிறவர்கள், அந்த ஆய்வில் காரின் பின்பெட்டியில் செய்ததையே செய்துகொண்டிருக்கிறார்கள். கறிக்கடையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பையைப் பிரிப்பதற்கு எளிய வழி நம் கையிலேயே இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது, கறிக்குத் தூக்குவாளியோ மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவோ எடுத்துப் போகும் பழக்கம் சில வீடுகளில் திரும்பியது. என் அம்மா காலத்தில் அதுதான் வழக்கம். டப்பாவில் கறி வந்தால் பைக்கு எதுவுமே ஆவதில்லை; டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவினால் வேலை முடிந்தது. சில கடைக்காரர்கள் எடை போடத் தயங்குவார்கள். வெறும் டப்பாவை முதலில் தராசில் வைத்து அதைக் கழித்துக்கொள்ளச் சொன்னால் போட்டுத் தருவார்கள். டப்பா இல்லாத நாளுக்கென்று ஒரு பையை ஒதுக்கி, அதன் காதில் சிவப்பு நூலால் நாலு தையல் போட்டு வையுங்கள். வீட்டில் யார் பையை எடுத்தாலும் அது கறிப் பை என்று தெரியும். மாமியாருக்கும் இதைச் சொல்லித் தையலை அவரையே போடச் சொல்லுங்கள். அவர் போட்ட அடையாளத்தை அவரே மறக்க மாட்டார்.

இனி வெயிலுக்கு வருவோம். வெயிலின் புறஊதாக் கதிர் கிருமிகளைக் கொல்லும். காய்ந்த துணியில் பெரும்பாலான கிருமிகள் பெருக முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாக அழியும். இவை இரண்டும் உறுதியானவை. கத்திரி வெயிலில் நம் மொட்டை மாடித் தளத்தில் வெறுங்காலோடு நடக்க முடியாது என்பதால், இந்த ஊரில் வெயிலுக்கு இருக்கும் வலிமையை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தக் கதிர் படும் இடத்தில்தான் வேலை செய்யும். பையின் அடிமடிப்பு, தையலுக்குள் மடிந்திருக்கும் துணி, காது சேரும் மூலை ஆகிய இடங்களில்தான் சாறு இறங்கி நிற்கிறது. அங்கேயெல்லாம் அது நுழைவதில்லை. உலர்ந்த இறைச்சிச் சாறு கிருமிக்குப் போர்வைபோல ஆகிவிடுகிறது; அடுத்த வாரம் ஈரக் கீரை அதன்மேல் உட்கார்ந்ததும் அந்த இடம் மறுபடி உயிர் பெறுகிறது. வெயில் சலவையை நிறைவு செய்யும். சலவைக்குப் பதிலாக நிற்காது. மண் மட்டும் ஒட்டிய உலர்ந்த பைக்குக் கழுவ வேண்டிய அழுக்கே இல்லை. அதனால்தான் அங்கே உங்கள் மாமியார் சொல்வது செல்லுபடியாகிறது.

டெட்டாலைப் பற்றி நீங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கிருமிநாசினி எதுவானாலும் அழுக்கோடும் புரதத்தோடும் சேர்ந்தால் அதன் வீரியம் வீணாகும். முதலில் அழுக்கைப் போக்காமல் ஊறவைப்பதில் பலன் குறைவு. அழுக்கைப் போக்கிவிட்டாலோ, சோப்பே கிருமியைக் கழுவிவிட்டதால் அதற்கு வேலை இல்லை. அந்த வாசனை துணியில் தங்கி மறுநாள் கீரையில் ஏறுவது மட்டும்தான் மிச்சம். வீட்டில் யாருக்காவது வாந்தியோ பேதியோ வந்து பையில் பட்டுவிட்டால் அது வேறு விஷயம். அப்போது வெள்ளைப் பருத்திப் பையைத் துவைத்த பிறகு குளோரின் கரைசலில் பத்து நிமிடம் வைக்கலாம். 5 சதவீத வீரியமுள்ள திரவத்தில் 20 மில்லி லிட்டரை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் போதும். அதைக் கழிவறை கழுவும் ஆசிட்டோடோ வினிகரோடோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு வரும். சாயப் பையும் சணல் பையும் குளோரினைத் தாங்கா. குழந்தை இருக்கும் வீட்டில் அப்படிப்பட்ட பையை வெட்டிப் போட்டுவிடுவதே மேல் என்பது என் கருத்து.

துவைக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் தவறுவது இங்கேதான். பையை முதலில் உள்புறம் வெளியே வருமாறு திருப்பி, மூலையில் தங்கிய வெங்காயச் சருகையும் மண்ணையும் உதறுங்கள். ஈரமண் ஒட்டியிருந்தால் காயவிட்டுத் தட்டுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் நூலுக்குள் இறங்கிவிடும். இரத்தமோ முட்டையோ பாலோ பட்டிருந்தால் கண்டிப்பாகப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். வெந்நீரை எடுத்த எடுப்பில் ஊற்றினால் புரதம் வெந்து நூலோடு கெட்டியாகிவிடும். பிறகு அதை எடுப்பது கடினம். அலசும் தண்ணீர் நிறமில்லாமல் தெளிந்த பிறகு, சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தையலையும் அடிமடிப்பையும் காதையும் பிரஷ்ஷால் தேயுங்கள். கறிப் பையானால், இதன் பிறகு கொதிக்கக் கொதிக்க ஒரு வாளி வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். பருத்தி இதைத் தாங்கும். ஈரத்தில் பருத்தி நூலின் வலு கூடுமே தவிரக் குறையாது. உவர்மண் கரைசலில் நனைத்த துணியைப் பானைமேல் அடுக்கி வெள்ளாவி வைத்த சலவைத் தொழிலாளர்கள் செய்ததும் இதுதான். காரமும் நீராவியும் சேர்ந்து அழுக்கையும் கிருமியையும் ஒன்றாக அகற்றின. கடைசியாக இரண்டு முறை அலசிவிட்டு, திருப்பிய நிலையிலேயே, வாய் கீழே பார்க்குமாறு கொடியில் போடுங்கள்.

நம் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் துவைப்பதற்கும், போர்த் தண்ணீரில் துவைப்பதற்கும் வித்தியாசம் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். போர்த் தண்ணீரில் சுண்ணமும் மெக்னீசியமும் அதிகம். சோப்புக் கட்டி அவற்றோடு சேர்ந்து பிசுபிசுப்பான வெள்ளைத் திரையாகத் துணியில் படிந்துவிடும். பை துவைத்த பின்னும் சாம்பல் நிறமாக, விறைப்பாக, ஒரு பழைய வாசனையோடு இருப்பது பெரும்பாலும் இந்தத் திரையால்தான். அழுக்கு அதில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே உப்புத் தண்ணீர் வீடுகளில் சோப்புக் கட்டியை விட்டுவிட்டுச் சோப்புத்தூளைப் பயன்படுத்துங்கள். ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சலவை சோடாவை முன்கூட்டியே கரைத்தால் சுண்ணம் அடியில் படிந்து தண்ணீர் மென்மையாகும், எண்ணெய்ப் பிசுக்கும் எளிதில் விடும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஒதுக்க முடிந்தால் பையின் ஆயுள் கூடும்.

கறையும் அழுக்கும் ஒன்றல்ல என்பதை என் மாணவிகளுக்கு ஒவ்வொரு ஆண்டும் சொல்லியிருக்கிறேன். வாழைத்தண்டும் வாழைப்பூவும் விட்ட பழுப்புக் கறை, துணி கிழியும் வரை போகாது; ஆனால் அது கிருமியில்லை, பை அசுத்தமும் இல்லை. அதைப் போக்கத் துணியைத் தேய்த்துத் தேய்த்து நூலை நைத்துவிடாதீர்கள். மஞ்சள் பட்ட இடம் சோப்புப் போட்டதும் சிவந்து போவதைக் கண்டு பயப்பட வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்க்குமின் காரத்தில் சிவக்கும், அலசியதும் மறுபடி மஞ்சளாகும். வெயிலில் இரண்டு நாள் போட்டால் அந்தக் கறை தானாக வெளுக்கும். மஞ்சள் தோய்த்த பழைய தாம்பூலப் பைகள் சீக்கிரம் நிறம் மங்குவதும் இதனால்தான். இப்போது வரும் மஞ்சப்பைகள் பலவற்றில் இருப்பது வேறு சாயம். அவற்றை முதல் இரண்டு சலவையில் தனியாகத் துவையுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு எண்ணாகப் பதில் வேண்டுமென்றால், கறிப் பையை ஒவ்வொரு முறையும் அன்றைக்கே, கீரை தக்காளிப் பையை வாரம் ஒருமுறையும் காய் நசுங்கினால் உடனேயும், உலர்ந்த சாமான் பையை மாதம் ஒருமுறையும் துவைக்கலாம். முதலாவதற்கு மேலே சொன்ன ஆதாரம் இருக்கிறது. மற்ற இரண்டும் என் அனுபவக் கணக்கு. உங்கள் வசதிக்கு முன்பின் ஆனால் ஒன்றும் கெட்டுவிடாது. பை நாறவில்லையே, அதனால் சுத்தம்தான் என்று மட்டும் முடிவு செய்யாதீர்கள். நாற்றம் வந்தால் கிருமி பெருகிவிட்டது என்று சொல்லலாம். நாற்றம் இல்லாததால் கிருமி இல்லை என்று சொல்ல முடியாது.

துணிப்பை என்று நாம் நினைக்கும் எல்லாமே துணியல்ல. கடைகளில் கொடுத்த, துணிபோலத் தோன்றும் மெல்லிய வண்ணப் பைகள் பலவும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை நெய்யாமல் அழுத்திச் செய்தவை. தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் அவையும் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால், ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி வெளியே எடுத்துப்போய் இடுக்கியில் பிடித்து எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து மென்மையான சாம்பலாகும். பிளாஸ்டிக் மெழுகுவர்த்தி வாசனையோடு உருகிக் கெட்டியான மணியாகச் சுருளும். வீட்டில் மிச்சமிருக்கும் அத்தகைய பையைக் கொதிநீரில் போடாதீர்கள். ஆறிய தண்ணீரில் சோப்புப் போட்டு அலசி நிழலில் காயவையுங்கள், ஏனென்றால் வெயில் அதைப் பொடிந்துபோகச் செய்யும். அப்படிப் பொடிய ஆரம்பித்த பையில் உணவுப் பொருளை வைக்கக் கூடாது. ஜவுளிக் கடைக் கட்டைப்பையில் அடியில் அட்டை இருந்தால் எடுத்துவிட்டுத் துடையுங்கள். நனைந்த அட்டையில் பூஞ்சையும் கரப்பானும் குடியேறும். சணல் பையை ஊறவைக்காமல் பிரஷ்ஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து நிழலில் ஆற்றினால் போதும். புதுச் சணலில் வரும் எண்ணெய் வாசனை நூற்கும்போது தெளித்த எண்ணெயுடையது, காற்றில் போய்விடும். ஒயர் கூடைதான் இவற்றில் கறிக்கும் மீனுக்கும் மிகவும் ஏற்றது. சோப்புத் தண்ணீரில் அமுக்கி, பின்னல் முடிச்சுகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

துவைப்பதைவிடக் காயவைப்பதில் நடக்கும் தவறு அதிகம் சேதம் செய்கிறது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்னும் எனக்கு வருத்தம் தருவது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண வீட்டுக்காகக் குழுவில் தைத்த பைகளைக் கஞ்சி போகத் துவைத்து, ஐப்பசி மழைக் காலமானதால் முக்கால் காய்ச்சலிலேயே அடுக்கச் சொல்லிவிட்டேன். பத்து நாள் கழித்துப் பிரித்தபோது நடுக்கட்டில் இருந்த பைகளில் கரும்புள்ளி பரவியிருந்தது. பருத்தி இழையையே உணவாகத் தின்னும் பூஞ்சை அது. புள்ளி போன பிறகும் அந்த இடத்தில் நூல் பலவீனமாகவே இருந்தது. அந்தப் பைகளை நாங்கள் திரும்பத் தைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்று முதல் நான் மேல்துணியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்வதில்லை. காதும் பையும் சேரும் மடிப்பை உதட்டில் வைத்துப் பார்க்கிறேன், குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்த பைகளைச் சிங்குக்குக் கீழேயும், பைக்குள் பையாகத் திணித்தும் வைக்காமல், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிடுங்கள். மார்க்கெட்டில் பையைத் தரையில் வைக்காமல் தோளில் மாட்டிக்கொள்வதும், வீட்டுக்கு வந்ததும் சமையல் மேடைமேல் வைக்காமல் இருப்பதும் எந்தச் செலவும் இல்லாத காப்பு.

பையைப் பேணுவது எதற்காக என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பத்தைப் பொறுத்தவரை, ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பை மேலானதாக வேண்டுமென்றால் அதை 131 முறை பயன்படுத்த வேண்டும். வாரம் இரண்டு முறை எடுத்துப் போகும் ஒரு பைக்கு அது ஒன்றேகால் ஆண்டு. குப்பையையும் கால்வாய் அடைப்பையும் அந்தக் கணக்கு அளக்கவில்லை என்றாலும், சீக்கிரம் கிழிந்துபோகும் பையால் நன்மை இல்லை என்பது தெளிவு. எங்கள் குழுவுக்குத் திரும்பி வரும் பைகளில் பெரும்பாலானவை காது பிய்ந்தவை. காது சேரும் இடத்தில் இரட்டை நூலால் சதுரமாகத் தைத்து, நடுவில் குறுக்காகப் பெருக்கல் குறிபோல ஓட்டினால் அது பிய்யாது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயின் காம்பு முள் மெல்லிய துணியை இழுத்து நூலைப் பிரித்துவிடும். இலவம்பாடிக் காய் வாங்கும் நாளில் கனத்த பையையோ கூடையையோ எடுத்துப் போங்கள்.

கடைசியாக, மீன் தண்ணீர் ஒழுகிய அந்தப் பை. எறிய வேண்டாம். மீன் நாற்றம் தருவது காரத் தன்மையுள்ள ஒரு பொருள். புளிப்பு அதைக் கட்டி, தண்ணீரில் கரைந்து போகும் உப்பாக மாற்றிவிடும். மீன் கழுவிய சட்டியைப் புளியால் தேய்ப்பதன் காரணமும் அதுதான். புளி துணியில் கறை விடும் என்பதால் இதற்கு எலுமிச்சையையோ வினிகரையோ எடுத்துக்கொள்ளுங்கள். பையைத் திருப்பிப் பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். அரை வாளித் தண்ணீரில் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து அதில் அரை மணி நேரம் வைத்து மறுபடி அலசுங்கள். அதன் பிறகு மேலே சொன்னபடி சோப்புத்தூள், வெந்நீர், வெயில். குளோரினை இதன் பக்கத்திலும் கொண்டுவர வேண்டாம். இரண்டு முறை செய்தும் மூலையில் வாசனை தங்கினால், அடித்தையலைப் பிரித்து மடிப்பைத் திறந்து துவைத்துவிட்டு மறுபடி தையுங்கள். பருத்திப் பையாக இருந்தால் அதோடு போய்விடும். சிவப்பு நூல் அடையாளத்தை அந்தப் பையிலேயே போட்டு, இனிமேல் மீனுக்கென்று வைத்துக்கொள்ளலாம்.